மார்க்கோனி 1901-ல் கேட்டது 'எஸ்' எழுத்தா, வெறும் இரைச்சலா?

சிற்றலை நேயர்:
1901 டிசம்பர் 12 அன்று கம்பியில்லாத் தந்தியின் முன்னோடி மார்க்கோனி, அட்லாண்டிக்கின் மறுகரையில், இன்றைய கனடாவிலுள்ள நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில்லில் இருந்துகொண்டு, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த 'எஸ்' எழுத்தைக் கேட்டார் என்று படித்தேன். நேரம் நண்பகல் 12.30. என் ரேடியோவிலோ பகலில் மத்திய அலையில் தொலைதூர நிலையம் ஒன்றுகூட எடுக்காது. இருட்டிய பிறகுதான் வரிசையாக வரும். பட்டப்பகலில் 3,400 கி.மீ. எப்படிச் சாத்தியம்?

மோர்ஸ் சாவி:
எனக்கும் வெகுநாளாக இதே சந்தேகம். முப்பது வருடமாக மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறியீடு) கேட்ட காதை நம்பிச் சொல்கிறேன்: இன்ன எழுத்துதான் வரப்போகிறது என்று காத்திருந்தால், கரகரப்பிலும் அது கேட்டுவிடும். 'எஸ்' என்பது மூன்றே புள்ளிகள். தொலைவில் மின்னல் வெட்டினால்கூட 'டிட் டிட் டிட்' என்று விழும்.

அன்று ஏரியல் கம்பியைத் தூக்கிப் பிடித்தது ஒரு பட்டம். அது காற்றில் ஆட ஆட ட்யூனிங் கலைந்தது. அதனால் ட்யூன் இல்லாத ரிசீவரையும் டெலிபோன் காதுக்குழலையும் வைத்துக் கேட்டார்கள். காகித நாடாவில் பதிவு இல்லை. கூடக் கேட்டவர் உதவியாளர் கெம்ப் மட்டுமே.

ஆனாலும் மார்க்கோனி பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போல்டுவில் இருந்த தீப்பொறி டிரான்ஸ்மிட்டரின் சக்தி ஓர் அலைவரிசையில் அடங்காது. சிற்றலைப் பக்கம் சிதறியது பகலிலும் கடல் தாண்டியிருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு.

காந்த ஊசி:
காதுக்குழலோடு இருந்தது இத்தாலியக் கடற்படையிலிருந்து வந்த பாதரசக் கோஹீரர். கோஹீரர் என்பது ரேடியோ அலை பட்டதும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தி, சிக்னல் வந்ததைக் காட்டும் சிறு கருவி. உலோகத்தூள் கோஹீரரை ஒவ்வொரு சிக்னலுக்கும் தட்டிவிட வேண்டும், இது தானே பழைய நிலைக்குத் திரும்பும். இப்படித் தானே மீளும் கோஹீரர் பற்றி ஜகதீஷ் சந்திர போஸ் 1899-லேயே ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்துவிட்டார். அவர் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.

சிற்றலை நேயர்:
மார்க்கோனி மறுபடி சோதிக்கவில்லையா?

மோர்ஸ் சாவி:
சோதித்தார். நான் மதிப்பது அதைத்தான். 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் மேற்கே போனபடி போல்டுவைக் கேட்டார். இந்த முறை எல்லாம் நாடாவில் பதிவு, கப்பல் தலைவரின் கையெழுத்தோடு. பகலில் சுமார் 1,100 கி.மீ. தாண்டியதும் சிக்னல் அறுந்துபோனது. இரவில் முழுச் செய்திகளே 2,500 கி.மீ. வரை வந்தன, 'எஸ்' அதற்கும் அப்பால்.

காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அதே ஆண்டு கென்னலி, ஹெவிசைடு என்ற இரு மின்னியல் அறிஞர்கள் தனித்தனியாக, வானில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். 1924-ல் ஆப்பிள்டன் என்ற இயற்பியலாளர் அதைச் சோதனையில் காட்டினார். பகலில் வெயிலால் அதன் அடிப்பகுதி கெட்டிப்பட்டு மத்திய அலையை விழுங்கிவிடும், இரவில் அது கலைந்துவிடும். இருட்டிய பிறகு உங்கள் ரேடியோவில் வருபவை அதற்கும் மேலே பட்டுத் திரும்புபவைதான்.