வால்பாறை ஏற்றத்தில் ஜீப்பின் பின் அச்சில் ஊளைச் சத்தம்: கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். அப்பா ஓட்டிய பழைய நான்கு சக்கர இயக்க ஜீப் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பழகிய வண்டி. இரண்டு மாதமாக 45 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளை எழுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்குகிறது; மிதித்தால் மீண்டும் வருகிறது.

முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சத்தம் அப்படியே இருக்கிறது. வளைவுகளில் இடமும் வலமும் திரும்பும்போது மாறாததால் சக்கர பேரிங்காகவும் தெரியவில்லை. பட்டறையில் பின் ஷாஃப்டின் இரண்டு கிராஸ்களையும் (மூட்டு இணைப்புகளை) மாற்றினார்கள், பலன் இல்லை.

நேற்று பின் டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) ஆயிலை வடித்தேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சேறுபோலச் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. உலோகத் துண்டுகள் இல்லை. ஆனால் பின் ஷாஃப்ட் வந்து பொருந்தும் பினியன் ஃபிளேஞ்சைப் பிடித்து அசைத்தால் மேலும் கீழும் லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பினியன் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, ஒன்றோடொன்று பொருந்தும் கிரவுன், பினியன் பற்சக்கர ஜோடியையே மாற்ற வேண்டுமா? பழைய பற்களை வைத்துக்கொண்டு பேரிங் மட்டும் மாற்றியவர்கள் இருந்தால், சத்தம் முழுதும் போனதா என்று சொல்லுங்கள். பற்களில் சாயம் தடவி, அவை தொடும் தடத்தைப் பார்த்து ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைக்கத் தெரிந்த மூத்த மெக்கானிக் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் இருந்தால் தெரிவியுங்கள். அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு மலையேற வேண்டும். பாதி வழியில் பினியன் இறுகிவிடுமோ என்ற பயத்துடன் ஏற மனமில்லை.