பெட்ரோல் ஜீப்பில் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) 5 டிகிரிக்கு வரமாட்டேன் என்கிறது

வண்டி பழைய மஹிந்திரா சிஜே-3பி, ஹரிகேன் 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஊர் போடி. போன மாதம் ஆயில் ஒழுகியதால் ஆயில் பம்பைக் கழற்றி பேக்கிங் மாற்றினார்கள். அப்போதிருந்துதான் தொல்லை. சமதளத்தில் ஓடிவிடுகிறது, போடிமெட்டு ஏற்றத்தில் இழுவையே இல்லை, சூடு ஏறுகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் படபடவென்று வெடி.

பிளக்கில் பொறி வரவைக்கும் சுவிட்சான பிளாட்டினம் பாயிண்ட் புதுசு, இடைவெளி 0.5 மி.மீ. கண்டன்சரும் மாற்றியாச்சு. பிளக் வயர் வரிசை 1-3-4-2 சரியாக இருக்கிறது. டைமிங் லைட் பிடித்துப் பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) கடைசிவரை திருப்பியும் புல்லியின் வெட்டு டிடிசி கோட்டோடு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தைக் காட்டும் கோட்டோடு, நின்றுவிடுகிறது. அதற்கு முன் 5 டிகிரி வரவேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதால் ஒரே பக்கமாகத்தான் உட்காரும், அங்கே தப்பு நடக்க வழியில்லை. அதைச் சுற்றுவது ஆயில் பம்பின் தண்டு என்பதால், பம்ப் கியர் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கும் என்று சந்தேகம். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை, கார்புரேட்டர்தான் என்கிறார்.

பம்பை மறுபடி கழற்றாமல், பல் தள்ளியிருக்கிறதா என்று உறுதியாகக் கண்டுபிடிப்பது எப்படி?