மீன் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர்?

குழு: நம்ம குடும்பம், சேலம்–ஏற்காடு

அக்கா: சித்தப்பா, கோல்ட்ஃபிஷ் உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கல்லில் போய் உடம்பைத் தேய்க்கிறது. மருந்து வாங்கிவிட்டேன், 10 லிட்டருக்கு 1 மில்லியாம். கடையில் 120 லிட்டர் தொட்டி என்றுதான் கொடுத்தார்கள். 12 மில்லி விடட்டுமா?

சித்தப்பா: இரும்மா, இப்போதே விடாதே. 120 என்பது கண்ணாடிப் பெட்டியின் கணக்கு. மருந்துக்கு உள்ளே நிற்கிற தண்ணீர்தான் கணக்கு. டேப்பை எடு.

அக்கா: வெளிப்பக்கம் நீளம் 90 செ.மீ., அகலம் 30, உயரம் 45. கண்ணாடி 8 மி.மீ.

சித்தப்பா: 90 × 30 × 45, அதை 1000-ஆல் வகுத்தால் 121.5. கடைக்காரர் சொன்னது இதுதான். கண்ணாடியை இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 88.4, 28.4. உயரத்தை விளிம்பு வரை எடுக்காதே. கல் பரப்பியதற்கு மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை எவ்வளவு?

அக்கா: 34. கல் 5 செ.மீ. இருக்கும்.

சித்தப்பா: அப்படியென்றால் கல்லுக்கு மேலே 85 லிட்டர்.

தம்பி: கல்லுக்கு இடையிலும் தண்ணீர் நிற்குமே?

சித்தப்பா: நிற்கும்டா. கல் பரப்பில் சுமார் 40 சதவீதம் இடுக்குதான், அதில் ஒரு 5 லிட்டர். மொத்தம் 90, அதற்கு 9 மில்லிதான். 12 மில்லி விட்டால் மூன்றில் ஒரு பங்கு மருந்து கூடுதல். கெளுத்தி மாதிரி செதிள் இல்லாத மீன் கூட இருந்தால் தாங்கவே தாங்காது.

அம்மா: நடுவில் அவ்வளவு பெரிய பாறை வைத்திருக்கிறாளே, அது இடத்தை அடைக்காதா?

சித்தப்பா: அடைக்கும் அண்ணி. அதை டேப் வைத்து அளக்க முடியாது. பாப்பா, தண்ணீர் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டு. ட்யூப் போட்டு 20 லிட்டர் கேன் ஒன்று நிறையப் பிடி. பாறை இல்லையென்றால் 8 செ.மீ. இறங்கும்.

அக்கா: பிடித்துவிட்டேன். எட்டரை இறங்கியது.

சித்தப்பா: பார்த்தாயா! ஒரு செ.மீ.க்கு 2.35 லிட்டர்தான். 34 செ.மீ.க்கு 80, கல் இடுக்கில் 5. பாறை அடியில் இன்னும் அகலம், அதனால் அதிலும் கொஞ்சம் குறையும். 8 மில்லி போதும். முதலில் குறி வரை தண்ணீரை நிரப்பிவிடு. குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரில் குளோரின் இருக்கும், நேரே ஊற்றாதே.

அக்கா: நேற்றுப் பிடித்து வைத்தது இருக்கிறது, அதையே ஊற்றுகிறேன்.

சித்தப்பா: சரி. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடு, மருந்தை உறிஞ்சிவிடும். ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும்.

அத்தை (ஏற்காடு): எங்கள் வீட்டில் உருண்டைத் தொட்டி. இந்தக் கணக்கு ஒத்து வருமாடா?

சித்தப்பா: வராது அக்கா. அடுத்த முறை கழுவி நிரப்பும்போது லிட்டர் பாட்டிலால் எண்ணி ஊற்றி, அடியில் எழுதி ஒட்டிவிடு. இன்னொன்று, உங்கள் ஊர்க் குளிரில் இந்த வெள்ளைப் புள்ளிக் கிருமி மெதுவாகத்தான் வளரும். மீனை விட்டு வெளியே நீந்தும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதே.

அக்கா: 8 மில்லியை ஒரு மக் தண்ணீரில் கலந்து விட்டாயிற்று. குறி டேப்பிலேயே ‘80 லிட்டர்’ என்று எழுதி வைத்தேன்.