நாமினி என்பதற்குப் பெறுபொறுப்பாளர்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் இறந்தால் நம் பணத்தை வாங்கிக்கொள்ள வங்கி, காப்பீட்டுப் படிவங்களில் நாம் பெயர் குறிப்பிடும் ஆள்தான் 'நாமினி'. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் விவாதத்தில் இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்கள் மூன்று: வாரிசுதாரர், நியமனதாரர், பரிந்துரையாளர். கடைசிச் சொல்லை விட்டுவிடலாம். பரிந்துரை செய்கிறவர் என்றுதான் அது பொருள் தரும்.

வாரிசுதாரர் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், எண்ணூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்பே வங்கியில் வைப்புத்தொகை போட்டு, அண்ணன் பெயரை நாமினியாகக் கொடுத்திருந்தார். அப்புறம் அதை மாற்றவே இல்லை. அவர் இறந்ததும் நாலு லட்ச ரூபாய் அண்ணன் கைக்குப் போனது. தமிழ்ப் படிவத்தில் அவர் பெயருக்கு மேலே 'வாரிசுதாரர்' என்று அச்சடித்திருந்தது. பணம் தனக்கே என்று அண்ணன் மனதார நம்பினார். தம்பி மனைவியும் பணம் அண்ணனுக்கே என்றுதான் நம்பினார், பாவம். பென்ஷன் வேலையாக வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியபோதுதான் அதில் இறந்தவரின் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் பெயர் இருக்கிறது, அண்ணன் பெயர் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு தாளிலும் 'வாரிசு' என்றே இருக்கிறது, ஆட்கள் மட்டும் வேறு வேறு. இந்தக் குழப்பத்தில் அந்தக் குடும்பம் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் கடமை முடிகிறது. வாங்கியவர் அதை உரியவர்களுக்குச் சேர்க்க வேண்டும். காப்பீட்டுப் பணத்துக்கு 1984-இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகளுக்கு 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. அவர்கள் இருக்கும்போது அண்ணன் தம்பிக்குப் பங்கில்லை.

நியமனதாரரில் எனக்கு உறுத்துவது வேறு. மனு கொடுப்பவர் மனுதாரர், விண்ணப்பம் போடுபவர் விண்ணப்பதாரர். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நியமனதாரர் என்பவர் நியமிக்கிறவர் ஆகிவிடுகிறார்! கணக்கு வைத்திருப்பவர் அந்தக் கட்டத்தில் தன் பெயரையே எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். வடசொல், அரபுச்சொல் என்று பார்த்து இவற்றை நான் ஒதுக்கவில்லை. பொருள் தப்பாகப் போய்ச் சேர்கிறது என்பதே என் கவலை.

என் முன்மொழிவு: பெறுபொறுப்பாளர். பெறுகின்ற பொறுப்பாளர் என்று விரியும் வினைத்தொகை. 'பணத்துக்கு யார் பொறுப்பு?' என்று எங்கள் பகுதியில் சீட்டுப் பிடிக்கிறவர் முதல் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. பொறுப்பு என்றதுமே, யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர் என்பது காதில் விழுந்துவிடும். நீளம் என்பார்கள். எண்ணிப் பாருங்கள், நியமனதாரருக்கு ஏழெழுத்து, இதற்கு எட்டு. நாமினி குறிப்பிடும் செயலைப் பெறுபொறுப்பு என்றே சொல்லலாம்: பெறுபொறுப்பு மாற்றம், பெறுபொறுப்புப் படிவம்.

பெறுபொறுப்பு மாற்றம் என்பது அடிக்கடி தேவைப்படும் சொல். வருங்கால வைப்பு நிதியில் கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினி கல்யாணத்தோடு செல்லாமல் போகிறது, புதிதாகக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கில் அப்படித் தானாகச் செல்லாமல் போவதில்லை. நாமாகப் போய் மாற்ற வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை குறிப்பிடலாம். அதில் இரண்டு வகை உண்டு. இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்று ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுப்பது ஒன்று, ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர் என்பது மற்றொன்று. லாக்கருக்கு இரண்டாவது வகை மட்டும்தான். இவற்றைப் பங்குமுறைப் பெறுபொறுப்பு, வரிசைமுறைப் பெறுபொறுப்பு என்று வைக்கலாமா?

ஓர் இடத்தில் என் சொல் இடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 காப்பீட்டுச் சட்டத் திருத்தம், பெற்றோரையோ கணவன் மனைவியையோ பிள்ளைகளையோ நாமினியாகக் காட்டினால் பணத்தின் பயனும் அவர்களுக்கே என்கிறது. அவர்களை வெறும் பொறுப்பாளர் என்பது பொருந்தாது. அதற்கு 'உரிமைப் பெறுநர்' என்று தனிச்சொல் வேண்டும் என நினைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று முன்பு எழுதிய நண்பர் இதை மறுபடி யோசிக்க வேண்டும்.

வரும் ஞாயிறு பழைய வண்ணாரப்பேட்டையில் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போகிறேன். பெறுபொறுப்பாளர் என்றே சொல்லிப் பார்க்கிறேன். 'சரி, அப்போ பணம் யாருக்குப் போகும்?' என்று அவர்களில் ஒருவராவது திருப்பிக் கேட்கிறாரா என்று கவனித்து எழுதுகிறேன்.