நடைரோந்து சரி, அவர் நடக்கும் இடத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

காவலர்கள் வண்டியை விட்டிறங்கி நடந்தே செய்யும் ரோந்துக்கு ('foot patrol') நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கால்நடை ரோந்து, நடைக்காவல், உலாக்காவல். முதலாவதை இப்போதே கழித்துவிடலாம். 'கால்நடையாகச் சென்றான்' என்பது நல்ல தமிழ்தான். ஆனால் 'கால்நடை ரோந்து' என்று தலைப்பிட்டால், தெருவில் திரியும் மாடுகளைப் பிடிக்க மாநகராட்சி ஆள் அனுப்பியிருக்கிறது என்றுதான் சென்னைக்காரர் படிப்பார். 'நடைக்காவல்' காதுக்கு இனிமை. மயிலாப்பூர்க்காரனான எனக்கோ, கோயில் நடை சாத்தியபின் வாசலில் உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வருகிறார். உலா என்பது சாமியும் அரசனும் போவது, பிறர் பார்ப்பதற்காகப் போவது. நாலு பேர் கண்ணில் படுவதும் ரோந்தில் பாதி வேலை என்பதால், அதை முன்மொழிந்தவரின் நியாயம் புரிகிறது. ஆனால் மறுபாதி, அவர் பார்ப்பது.

'ரோந்து' வந்தேறிச் சொல், விரட்டுவோம் என்கிறார் ஒருவர். எதற்கு? இரவு ரோந்து, கடலோர ரோந்து, ரோந்து வாகனம் என எதனோடும் ஒட்டிக்கொள்கிறது. நாளிதழ் படிக்கும் எவருக்கும் புரிகிறது. 'நடைரோந்து' போதும். (தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் 'நடை'கூட மிகை. அங்கே வேறெப்படி ரோந்து போவது?) மதுரைக்காஞ்சியின் 'ஊர்காப்பாளர்', தெருவில் மழைநீர் ஓடும் நள்ளிரவிலும் சோராமல் சுற்றுகிறவர்கள். அருமையான சொல், ஆனால் ஆளைக் குறிப்பது. நாம் தேடுவது செயலுக்கு. பழைய பதவிப் பெயர்களை மீட்கலாம் என்போர் ஜார்ஜ் டவுன் பக்கம் போய்வரட்டும். கொத்தவால் என்பவர் நகரக் காவல் அதிகாரி. அவர் பெயரில் உள்ள சாவடி, காய்கறிச் சந்தையாகத்தான் நம் நினைவில் நின்றது. கம்பெனிக் காலத்தில் ஊர்க்காவல் பொறுப்பை வகித்த பெத்த நாயக்கர், இன்று வெறும் பேட்டைப் பெயர்.

எனக்கு உண்மையில் இடிப்பது 'பீட்' (beat) என்ற சொல், அதாவது ஒரு காவலர் சுற்றிவர ஒதுக்கப்படும் பகுதி. அமெரிக்க ஆய்வுகள் இரண்டைப் பற்றி எழுதும்போதுதான் அதை உணர்ந்தேன். நியூவார்க் நகரில் 1978–79 காலத்தில் நடைரோந்தைச் சோதித்தார்கள். குற்றம் குறையவில்லை, மக்களின் அச்சம் குறைந்தது. பிலடெல்பியாவில் 2009-இல் குற்றம் மிகுந்த 60 சிறு இடங்களில் மட்டும் காவலர்களை நடக்கவிட்டார்கள். நடைரோந்து இல்லாத அதேபோன்ற இடங்களோடு ஒப்பிட்டபோது வன்முறைக் குற்றம் 23 விழுக்காடு குறைந்திருந்தது. எப்படி நடந்தார்கள் என்பதைவிட எங்கே நடந்தார்கள் என்பதுதான் வேறுபாடு என்று நான் படித்துக்கொள்கிறேன். அந்த 'எங்கே'வுக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. 'வட்டம்' வருவாய்த் துறை வசம். 'சரகம்' பல காவல் நிலையங்களை அடக்கியது. 'எல்லை' நிலையத்துக்கு உரியது.

'காவல்தடம்' என்று வைக்கலாமா? காலடி, வழி இரண்டையும் குறிக்கும். பேருந்தின் 'தடம் எண்' ஏற்கெனவே பழக்கம். அங்கே நடப்பவர் தடக்காவலர். 'தடக்கை' (பெரிய கை) போலப் பெரிய காவலர் என்று பொருள் வந்துவிடுமே என்பீர்கள். சிலருக்கு அதுவும் பொருந்தும்.

ஓய்வுபெற்ற காவலர் ஒருவரின் மறுமொழி:

ஐயா, வணக்கம். நான் தலைமைக் காவலராக ஓய்வுபெற்றவன். பூட்டிய வீட்டிலும் வங்கி வாசலிலும் வைத்திருக்கும் பட்டாப் புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அந்தப் புத்தகங்கள் இருக்கும் தெருக்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் எங்களுக்கு 'பீட்'. எந்த வரிசையில் போவது என்பது எங்கள் விருப்பம். தடம் என்றால் ஒரே வழி ஆகிவிடும். தினமும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகிற காவலரை வைத்துத் திருடன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வான்.

என் பதில்:

ஐயா, ஒரே வரியில் என் தடத்தை அழித்துவிட்டீர்கள். 1829-இல் தொடங்கிய லண்டன் மாநகரக் காவல்துறையில், குறித்த வழியில் மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் நடக்கச் சொன்னார்கள். 'தடம்' அவர்களுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

அப்படியானால் 'காவற்பற்று'? பற்று என்பது நிலப்பிரிவுக்குப் பழைய பெயர்; மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என இன்றும் வழங்குகிறது. தன் தெருக்கள் மேல் ஒருவர் வைக்கும் பற்றும் அதற்குள் வந்துவிடுகிறது. பற்று என்றால் வங்கிக் கணக்கில் கழிவது, அடுத்து வரவு எவ்வளவு என்று கேட்பார்கள் என ஒரு குறும்புக்காரர் இப்போதே எனக்குத் தனியாக எழுதிவிட்டார்.

உங்கள் பழைய சகாக்களிடம் இந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள்: "நடைரோந்தில் இருந்த பற்றுக்காவலர், தம் காவற்பற்றுக்குள் மூன்று நாளாக நிற்கும் வண்டியைப் பற்றி நிலையத்துக்குத் தகவல் சொன்னார்." அவர்கள் சிரித்தால், 'பீட்' என்றே அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன்.