எண்ணெயோடு புறப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்

கேள்வி: சபை மூப்பர்

அடுத்த கொள்ளைநோய் வந்தால் சபை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதித் தரும்படி எங்கள் ஆலோசனைக் குழு என்னிடம் சொல்லியிருக்கிறது. மூன்று வாரமாகியும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2020இல் கொரோனா பரவியபோது, எங்கள் சபையில் தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, காய்ச்சல் அடிக்கிறது. எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போங்கள்" என்றார். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்ற யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை அவர் முன்னால் நானே பலமுறை வாசித்திருக்கிறேன். எண்ணெய்ச் சீசாவைச் சட்டைப்பையில் வைத்து, செருப்பையும் மாட்டிவிட்டேன். ஆனால் வாசலிலேயே நின்றேன். அன்று காலைதான் மூன்று முதியவர்களின் வீடுகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மறுநாளும் போக வேண்டும். உள்ளே திரும்பி, தொலைபேசியிலேயே ஜெபித்தேன். "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார். ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் இறந்துவிட்டார். தூரத்தில் இருந்த மகளால் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை.

ஆலயத்தைப் பூட்டியதே அவிசுவாசம் என்று சிலர், வாதை உன் கூடாரத்தை அணுகாது என்னும் சங்கீதம் 91ஐக் காட்டுகிறார்கள். பூட்டிவிட்டு நேரலை வைத்தால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் என் மனம் ஒப்பவில்லை. நான் போயிருக்க வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

சகோதரரே, தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி அதே சங்கீதம் 91ஐச் சொன்னவன் யார் என்று அவர்களைக் கேளுங்கள். கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில். வாக்குத்தத்தம் மெய்தான், அதை நம்பிக் கீழே குதிக்கச் சொன்னவன் பிசாசு.

1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டுப் போகவில்லை. நோயாளிகளைத் தம் வீட்டில் வைத்தே பராமரித்தார். போதகர்கள் மந்தையை விட்டு ஓடக் கூடாது என்று எழுதிய அதே கடிதத்தில், மருந்து உட்கொள்வேன், புகை போடுவேன், நான் தேவைப்படாத இடத்துக்குப் போய் நோயைப் பரப்பமாட்டேன், அயலான் அழைத்தால் தயங்காமல் போவேன் என்ற பொருள்பட எழுதினார். இங்கிலாந்தின் ஈயம் கிராமத்தில் 1666இல் கொள்ளைநோய் பரவியபோது, அவ்வூர்ப் போதகர் வில்லியம் மொம்பெசன் ஆலயத்தைப் பூட்டி, திறந்தவெளியில் ஆராதனை நடத்தினார். அந்த ஆகஸ்டில் அவருடைய மனைவி கேத்தரினும் அந்நோயிலேயே இறந்தார். அவரை அவிசுவாசி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் மற்ற மூவரை நினைத்துத்தான் நின்றீர்கள். அதைப் பாவமாகச் சுமக்காதீர்கள்.

பதில்: செவிலியர், ஞாயிறுபள்ளி ஆசிரியை

போதகர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2020 மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்கு மட்டும் சளித் தொந்தரவு இருந்தது. முடிவில் அவரையும் சேர்த்து நோயுற்றவர்கள், கொரோனா உறுதியானவர்களும் அநேகமாக அதுதான் என்று கருதப்பட்டவர்களுமாக, 53 பேர், இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் சேர்ந்து பாடுவது எத்தனை ஆபத்து என்று அதில்தான் கற்றோம். உங்கள் திட்டத்தில் பாடலைத் தனியாகக் கவனியுங்கள்.

தொலைபேசி ஜெபத்தைக் குறைவாக எண்ணாதீர்கள், அண்ணா. வார்டில் எத்தனையோ பேரின் காதருகே, பிளாஸ்டிக் உறையில் போட்ட தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆக்சிஜன் இரையும் சத்தத்தில் நீண்ட ஜெபம் கேட்காது. முதலில் அவருடைய பெயரைச் சொல்லுங்கள், பிறகு உங்கள் பெயரை. கேள்வி கேட்காதீர்கள், அவரால் பதில் சொல்ல முடியாது. அவருக்கு மனப்பாடமான ஒரு வசனத்தை மெதுவாகச் சொல்லுங்கள். முகக்கவசத்துக்குள் உதடு அசைவதைக் கண்டிருக்கிறேன்.

பதில்: ஒரு சபை உறுப்பினர்

மன்னியுங்கள், எனக்கு ஆலயம் பூட்டியிருந்ததில் வருத்தமே இல்லை. என் அப்பா இறந்த பிறகு நாற்பது நாள் சபையிலிருந்து ஒருவரும் அழைக்கவில்லை. ஞாயிறுதோறும் நேரலைக்கான இணைப்பு மட்டும் தவறாமல் வந்தது. அதில் போதகர் "அன்பான சபையாரே" என்பார். நான் திரையைப் பார்த்து அழுதுகொண்டிருப்பேன். எல்லாரும் எல்லாரையும் விசாரிப்பார்கள் என்று எழுதிவைத்தால் ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள். எந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள். அந்தப் பொறுப்பாளரே படுத்துவிட்டால் அடுத்தவர் யார் என்றும் எழுதுங்கள். அடக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

மீண்டும்: சபை மூப்பர்

நேற்றிரவு சபைப் பதிவேட்டை எடுத்துவைத்து, ஒவ்வொரு குடும்பத்தின் எதிரிலும் இரண்டு பெயர்களை எழுதத் தொடங்கினேன். தனியாக வாழ்பவர்களை முதலில் எழுதினேன். நான் எண்ணியதைவிட அதிகம். வீட்டுக்கே போக வேண்டி வந்தால் யார் போவது, முகக்கவசம் எப்படி அணிவது, சன்னல்களைத் திறந்துவைத்து எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுச் சேர்க்கப்போகிறேன்.

மூதாட்டியின் பக்கத்தில் அவர் மகளின் எண் இருக்கிறது. அம்மா எண்ணெய் கேட்டதையும் நான் வராததையும் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. நாளை அழைக்கிறேன்.