தெரு விழாவுக்குக் காப்பீடு யார் பெயரில் எடுப்பது?

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் தெருவை மூடி விழா நடத்துகிறோம். அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் எந்தச் சேதத்துக்கும் ஏற்பாட்டாளரே பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கிறது, கையெழுத்துப் போட்டது நான். பதிவு செய்த சங்கம் எங்களுக்குக் கிடையாது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே போனால் சங்கத்தின் பெயரில்தான் பாலிசி தருவோம் என்கிறார்கள், என் வீட்டுக் காப்பீட்டிலும் இது அடங்காதாம்.

தீயணைப்பு வண்டி வர நடுவில் வழி விட்டாச்சு, முதலுதவிக்கும் ஆள் இருக்கிறது. என்னைத் தூங்க விடாதது குழந்தைகளுக்கான காற்றடைத்த சறுக்குமரம்தான். பலத்த காற்றில் அது பிள்ளைகளோடு கவிழ்ந்துவிடும், தார்ச்சாலையில் முளையும் அடிக்க முடியாது, வாடகைக்கு விடுபவர் மணல் மூட்டை போதும் என்கிறார். அவருடைய காப்பீட்டுச் சான்று இன்னும் வரவில்லை.

சங்கம் இல்லாமல் இப்படி விழா நடத்தியவர்கள், அந்த ஒரு நாளுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீட்டை யார் பெயரில் எடுத்தீர்கள்?